ஒரு சிறு ஊரின் ஆரம்ப காலப் படங்கள்: தேடுவது முதல் திருப்பிக் கொடுப்பது வரை, கண்காட்சி வைக்க ஒரு முழு வழிகாட்டி

பெரிய நகரத்தின் பழைய படங்களுக்குக் காப்பகம், பட்டியல், ஆய்வாளர் என்று எல்லாம் இருக்கும். சிறு ஊரின் பழைய படத்துக்கு, அதில் நிற்பவர் இன்னார் என்று சொல்லக்கூடிய நாலு பேர் இருந்தால் அதிகம். அவர்களும் வயதானவர்கள். அவர்களை அந்தப் படத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, தெரிந்ததைச் சொல்ல வைப்பதற்குத்தான் நான் கண்காட்சி வைக்கச் சொல்வேன். சுவரில் அழகாக மாட்டுவது அதற்கு ஒரு வழி. கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இதை மனத்தில் வைத்தே சொல்கிறேன்.

இதற்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். படம் திரட்ட இரண்டு மாதம் போதும். ஆராயத்தான் நாள் பிடிக்கும்.

எல்லையைப் போடுங்கள்

எந்த ஆண்டு வரைக்கும் "ஆரம்ப காலம்" என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிரான்ஸின் லூயி டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆனால் சிறு ஊர்களுக்குக் கேமரா வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. முதலில் ஊர் ஊராகச் சுற்றும் படக்காரர், அப்புறம் ஒரு ஸ்டுடியோ, அதற்கும் பிறகுதான் வீட்டுக் கேமரா. 1888இல் கோடக் கேமராவும் 1900இல் பிரௌனி என்ற மலிவுக் கேமராவும் வந்தபின் யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்றானது. அதற்கு முன் கேமராவின் முன்னால் நிற்பதே ஒரு நிகழ்ச்சி. உங்கள் ஊரில் இந்த மாற்றம் எப்போது நடந்ததோ, அதற்குக் கொஞ்சம் பின்னால் கோடு போடலாம். சுவருக்கு நாற்பது முதல் அறுபது படம் போதும். முந்நூறு படம் மாட்டினால் யாரும் எதையும் நின்று பார்க்கமாட்டார்கள்.

தேடுங்கள்

வீட்டுப் பெட்டிகளும் ஆல்பங்களும் எல்லோருக்கும் தோன்றும் இடம். பள்ளிக்கூடம், நூலகம், வழிபாட்டு இடம், பழைய ஸ்டுடியோ நடத்தியவரின் குடும்பம் என்று அடுத்துப் போங்கள். பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: ஊரில் எதையாவது இடித்தவர்கள், கட்டியவர்களின் கோப்புகள். தெருக்களைப் படம் எடுக்கச் சொன்னவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருவை மாற்றப்போகிறவர்கள்தான். கிளாஸ்கோவின் நெருக்கடியான சந்துகளைத் தாமஸ் ஆனன் 1868 முதல் 1871 வரை எடுத்தது நகரச் சீரமைப்பு அமைப்புக்காக. பாரிஸின் பழைய தெருக்களைச் சார்ல் மார்வில் எடுத்தது நகர நிர்வாகத்துக்காக. சிறு ஊரிலும் ரயில் பாதை, பாலம், நீர்த்தொட்டி, மின்கம்பம் என்று ஏதாவது வந்திருக்கும். அந்தப் பொறியாளர்களின் கோப்புகளில் தேடுங்கள்.

ஸ்டுடியோக்காரரின் கண்ணாடி நெகட்டிவ்கள், அதாவது ஃபிலிமுக்குப் பதில் அவர் படம் பிடித்த கண்ணாடித் தகடுகள், கிடைத்துவிட்டால் அது பெரிய புதையல். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிளாக் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் படம் எடுத்துவந்த சார்ல்ஸ் வான் ஷைக்கின் தகடுகளில் 5,000க்கும் மேற்பட்டவை அந்த மாநில வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. ருமேனியாவில் ஸ்லோபோசியா என்ற ஊரின் படக்காரர் கோஸ்டிகா அக்சின்டேவின் தகடுகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு வந்தபோது பலவற்றில் உருவம் பதிந்த மேற்பூச்சு உரிந்து சுருண்டிருந்தது. முகத்தின் பாதியும் பின்னணியும் உதிர்ந்துபோன அந்தப் படங்களைப் பார்த்தால், ஏன் அவசரப்படச் சொல்கிறேன் என்பது புரியும்.

வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள்

ஒருவர் படத்தைக் கையில் கொடுக்கும் அந்த நிமிடத்தில் எண் போடுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஐந்து வீட்டுப் படங்களை ஒரே பையில் போட்டால், எது யாருடையது என்பது அன்று மாலையே குழம்பிவிடும். இரண்டு பிரதியாக ரசீது எழுதி ஒன்றை அவரிடம் கொடுங்கள். எத்தனை படம், ஏற்கெனவே என்ன சேதம், எப்போது திருப்பித் தருவீர்கள், சுவரில் வைக்கலாமா, ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளலாமா, இணையத்தில் போடலாமா என்பதெல்லாம் அதில் தனித்தனியாக இருக்கட்டும். ஒன்றுக்கு "ஆம்" என்றவர் இன்னொன்றுக்கும் "ஆம்" என்பார் என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

படத்தை வாங்கும்போது அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். "இது எங்கள் தாத்தா, பக்கத்தில் நிற்பது அவர் கூட்டாளி, பிறகு இரண்டு பேருக்கும் சண்டை" என்று போகிற போக்கில் சொல்வதை மறுமுறை கேட்டால் அவ்வளவு சரளமாக வராது.

ஆல்பமாகத் தந்தால் படங்களைப் பிரித்தெடுக்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் யாரை ஒட்டியிருக்கிறார்கள் என்பதே ஒரு தகவல்.

கையாளும் முறை

பருத்திக் கையுறையைவிட நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை நல்லது. பருத்தியில் பிடி வழுக்கும். உரிந்த பூச்சின் ஓரம் நூலில் மாட்டிக்கொள்ளும். கண்ணாடித் தகட்டை இரண்டு கையாலும் ஓரத்தில் பிடியுங்கள். நீள விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உடைந்ததை மட்டும் படுக்க வைக்க வேண்டும். பின்பக்கம் எண் எழுத மென்மையான பென்சில்தான். பால்பாயின்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை போதும். பழைய படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது.

எச்சரிக்கை ஒன்று. பழைய ஃபிலிம் நெகட்டிவ் பழுப்பாகி, ஒட்டிக்கொண்டு, காரமான வாடை அடித்தால் அது எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். 1950களின் தொடக்கம் வரை இந்த ஃபிலிம் புழங்கியது. பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். எரிவதற்கு வெளிக் காற்று கூடத் தேவையில்லை. வெயிலோ சூடோ படாத இடத்தில் தனியாக வைத்துவிட்டு, காப்பக வல்லுநரையோ தீயணைப்புத் துறையையோ கேளுங்கள். வினிகர் வாடை வந்தால் அது அசிடேட் என்ற இன்னொரு வகை ஃபிலிம். நைட்ரேட் போலத் தீ ஆபத்தில்லை, ஆனால் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியது அதைத்தான்.

எந்த வகைப் படம் என்று பாருங்கள்

வகை தெரிந்தால் காலம் பாதி தெரிந்துவிடும். கண்ணாடி போல மின்னி, சாய்த்தால் மட்டும் உருவம் தெரிவது டாகரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகடு. சிறு ஊரில் இது கிடைப்பது அபூர்வம். காந்தம் ஒட்டினால் டின்டைப், அதாவது மெல்லிய இரும்புத் தகடு. இந்த இரண்டிலும் பொதுவாக உருவம் இடவலமாக மாறியிருக்கும்.

அட்டையில் ஒட்டிய மெல்லிய தாள், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் என்றால் பெரும்பாலும் ஆல்புமென். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாள் இது. 1850இல் வந்து, 1890கள் வரை பரவலாக ஓடியது. அட்டையின் அளவையும் பாருங்கள். சுமார் 6க்கு 10 சென்டிமீட்டர் என்றால் கார்ட் டி விசிட்; 1854இல் பாரிஸில் டிஸ்டெரி உரிமம் வாங்கிய வடிவம். சுமார் 11க்கு 16.5 என்றால் கேபினட் கார்டு. 1860களின் நடுவில் வந்தது. இருண்ட பகுதிகளின் ஓரத்தில் நீல வெள்ளியாக ஒரு மினுமினுப்பு ஏறியிருந்தால் ஜெலட்டின் சில்வர் தாளாக, அதாவது ஜெலட்டின் பூச்சில் வெள்ளியால் உருவம் பதிந்த தாளாக இருக்கும். முழுக்க நீலமாக இருப்பது சயனோடைப். அதற்குக் காரத்தன்மை ஏற்றிய காப்பகத் தாள் ஆகாது, நிறம் வெளுத்துவிடும்.

அப்புறம் திருப்பிப் பாருங்கள். எனக்குப் படத்தின் முதுகு முகத்தைவிட முக்கியம். ஸ்டுடியோ முகவரி, முத்திரை, யாரோ எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். அமெரிக்காவில் 1864 முதல் 1866 வரை புகைப்படத்துக்கு வரி இருந்தது. பின்பக்கம் அந்த வரிவில்லை இருந்தால் காலம் இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும். அஞ்சலட்டையில் முகவரிப் பக்கத்திலேயே சேதியும் எழுதலாம் என்று பிரிட்டனில் 1902இலும் அமெரிக்காவில் 1907இலும் அனுமதித்தார்கள். பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் கோடு இருந்தால் அந்த அட்டை அதற்குப் பிந்தையது. ஆனால் அஞ்சல் முத்திரையின் தேதியைப் படம் எடுத்த தேதியாக எழுதிவிடாதீர்கள். பத்து வருடப் பழைய படத்தையும் அட்டையாக விற்றிருப்பார்கள்.

படத்துக்குள் இறங்குங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். ஒரு கடைத்தெருப் படம் கிடைத்தது என்று வையுங்கள். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. உடனே "அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு அமைதி" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். 1838இல் டாகேர் பாரிஸின் பூல்வார் து தாம்ப்ளே என்ற பரபரப்பான சாலையை எடுத்தார். தகட்டில் ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் வண்டியும் கூட்டமும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். பின்னால் வந்த, பூச்சு காய்வதற்குள் படம் எடுக்கும் ஈரத்தகட்டு முறையிலும் சில விநாடியாவது வேண்டியிருந்தது. ஆகவே உங்கள் கடைத்தெருவில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தரைக்கு அருகே புகை போல ஒரு இழுப்பு இருந்தால் அது நடந்து போனவர். நாய்க்கு உடம்பு தெளிவாக இருந்து தலை மட்டும் இல்லாவிட்டால், அது தலையைத் திருப்பியிருக்கிறது.

வானம் வெள்ளையாக இருப்பதால் மேகமில்லாத நாள் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்துத் தகடுகள் நீல ஒளியைத்தான் அதிகம் வாங்கும். நீலம் வெளுத்துவிடும், சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் 1906இல்தான் விற்பனைக்கு வந்தன. "கறுப்பு உடை அணிந்த பெண்" என்று நீங்கள் எழுதப்போகும் அந்தப் பெண் சிவப்பில் இருந்திருக்கலாம்.

காலம் குறிக்க இரண்டு கேள்வி போதும். இந்தப் படத்தில் இருப்பதில் கடைசியாக வந்தது எது? இதற்குள் வந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது எது? தந்திக்கம்பம் இருக்கிறது, மின்கம்பம் இல்லை. பாலம் இருக்கிறது, அதன் கைப்பிடி இன்னும் கட்டவில்லை. இப்படி முன் எல்லையும் பின் எல்லையும் கிடைக்கும். பள்ளிப் பதிவேடு, பழைய வரைபடம், செய்தித்தாள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அந்த இடைவெளியைக் குறுக்கலாம். படத்தில் மணிக்கூண்டு இருந்தால் நிழல் விழும் திசையையும் கடிகார நேரத்தையும் சேர்த்து, படக்காரர் எந்தப் பக்கம் நோக்கி நின்றார் என்று கணக்கிடலாம். முடிந்தால் அந்த இடத்துக்கே போய் நில்லுங்கள். கட்டடங்களின் விளிம்புகள் ஒன்றையொன்று மறைக்கும் விதம் படத்தோடு பொருந்தும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். அவருடைய முக்காலி நின்ற இடம் ஓரடி வித்தியாசத்துக்குள் கிடைத்துவிடும். அங்கிருந்து இன்றைய படம் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

ஸ்கேன்

இருபுறமும் ஸ்கேன் செய்யுங்கள், வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து. தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக, வண்ணத்தில், வெட்டாமல். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் எடுத்தால் தாளின் மஞ்சளும் கறையும் காணாமல் போகும்.

எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பது சுவரில் எவ்வளவு பெரிதாக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 9 சென்டிமீட்டர் படத்தை 90 சென்டிமீட்டராக்கினால் பத்து மடங்கு. சுவரில் அங்குலத்துக்கு 150 புள்ளியாவது இருக்க வேண்டும். ஆக ஸ்கேனில் 1,500. பெரிதாக்காத படங்களுக்கு 600 போதும். கண்ணாடி நெகட்டிவிலிருந்து எடுத்தால் தயங்காமல் பெரிதாக்கலாம். தகடுகளே பெரியவை, அவற்றில் நுட்பம் அவ்வளவு இருக்கும். கடைப் பலகையின் எழுத்து, ஜன்னலுக்குள் நிற்கும் முகம் வரைக்கும் வரும்.

கண்ணாடி நெகட்டிவில் ஒரு பொறி இருக்கிறது. நாங்கள் ஒருமுறை அதில் மாட்டினோம். ஒரு தெருமுனைப் படத்தைத் தகட்டின் தவறான பக்கத்திலிருந்து ஸ்கேன் செய்து, கதவளவு பெரிதாக்கி, வாசலுக்கு எதிரிலேயே மாட்டியிருந்தோம். எழுத்துப் பலகை எதுவும் அதில் இல்லாததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் வந்த ஒரு முதியவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கி, காற்றில் எதையோ பிடிப்பது போலக் காட்டினார். "இந்தப் படிக்கட்டில் கைப்பிடி இந்தப் பக்கம். சின்ன வயதில் பிடித்து ஏறியிருக்கிறேன்." படம் இடவலமாக மாறியிருந்தது. அன்றிரவே மாற்றினோம். மங்கலாக இருக்கும் பக்கம்தான் பூச்சு. பளபளப்பான கண்ணாடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் காட்சி நேராகத் தெரியும். சந்தேகமிருந்தால் எழுத்து, சட்டைப் பொத்தான், கடிகாரம் ஆகியவற்றைப் பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால் அந்தத் தெருவில் வளர்ந்தவரைக் கூப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கொண்டு வண்ணம் ஏற்றுவதும் முகத்தைக் கூர்மையாக்குவதும் இப்போது எளிது. தயவுசெய்து செய்யாதீர்கள். வண்ணம் ஊகம். முகம் அதைவிட மோசம். மங்கிய இடத்தில் அந்த நிரல் எங்கோ கற்ற கண்ணையும் வாயையும் வரைந்து வைக்கும். பேத்தி வந்து "இது பாட்டி இல்லையே" என்று போய்விட்டால் அந்தப் பெயர் நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.

உரிமை

படத்தாள் கையில் இருப்பவர் வேறு, பதிப்புரிமை உள்ளவர் வேறு. பெர்ன் உடன்படிக்கை புகைப்படத்துக்கு எடுத்ததிலிருந்து குறைந்தது 25 ஆண்டுப் பாதுகாப்பு என்றது. பல நாடுகளில் அதைவிட நீண்ட காலம் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் அனுமதித்தாலும் சில படங்களைப் பற்றி நின்று யோசிக்க வேண்டும்: இறந்தவர்களை எடுத்தவை, கைதிகள், நோயாளிகள், கட்டாயத்தின்பேரில் நிறுத்தப்பட்டவர்கள். குடும்பத்தார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

வரிசையும் விளக்க அட்டையும்

ஆண்டு வரிசை வேண்டாம். பாதிப் படங்களுக்கு ஆண்டே சரியாகத் தெரியாது. ஊருக்குள் நடப்பது போல அடுக்குங்கள். ஊருக்குள் நுழையும் சாலை, கடைத்தெரு, பள்ளி, ஆற்றங்கரை, கடைசியில் வீட்டு முகப்புகளும் குடும்பங்களும். வருகிறவர் தன் தெரு வரும்போது தானாகவே நிற்பார், பேச ஆரம்பிப்பார்.

படத்தில் வராதவர்களையும் சுவரில் சொல்லுங்கள். காசு கொடுத்துப் படம் எடுக்க முடிந்தவர்கள்தான் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டக்காரர், குதிரையைப் பிடித்திருப்பவர், குழந்தையைத் தூக்கி நிற்கும் வேலைக்காரப் பெண் எல்லாம் ஓரத்தில் இருப்பார்கள், பெயரில்லாமல். அந்த ஓரத்தை மட்டும் தனியே பெரிதாக்கி ஒரு சுவர் முழுக்க வையுங்கள். எனக்குப் பிடித்த சுவர் எப்போதும் அதுதான்.

விளக்க அட்டை இப்படி இருந்தால் போதும்: "கடைத்தெரு, வடக்கிலிருந்து. 1895க்கும் 1902க்கும் இடையில். எடுத்தவர் தெரியவில்லை. இடது ஓரம் நிற்கும் மூவர் யார்?" உறுதியானதையும் ஊகத்தையும் ஒரே குரலில் எழுதக் கூடாது. எழுத்து பெரிதாக, பின்னணி வெளிறியதாக இருக்கட்டும். இந்த அட்டையைப் படிக்க வேண்டியவர்கள் கண் மங்கியவர்கள்.

மாட்டுவது

சுவரில் நகல், மூலப்படங்களில் ஐந்தாறு மட்டும் மூடிய கண்ணாடிப் பேழையில். மூலப்படத்துக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் வேண்டாம், வெயில் கூடவே கூடாது. ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது. நாளைக்கு 8 மணி நேரம், 30 நாள், 50 லக்ஸ் என்றால் 12,000 லக்ஸ் மணி ஆகிவிடும். ஈரப்பதம் 30க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிலையாக இருக்கட்டும். சட்டமிட்டால் படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் வெட்டிய அட்டை வேண்டும். தொட்டால் பூச்சு ஒட்டிக்கொள்ளும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் குழந்தைகளும் பார்க்க, ஒரு வரிசையைத் தாழ்வாகவும் வையுங்கள். நாற்காலிகள் நிறையப் போடுங்கள், படத்துக்கு நேரெதிரே.

கண்காட்சி நாட்கள்

ஒரு மேசையில் எல்லாக் குழுப்படங்களின் நகலும், ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு. பக்கத்தில் பென்சிலும் சீட்டும். சீட்டில் நாலு வரி: எந்தப் படம், எந்த எண், யார், உங்களுக்கு எப்படித் தெரியும். நாலாவது வரிதான் பின்னால் கைகொடுக்கும். "என் பெரியம்மா, கூடவே வளர்ந்தேன்" என்பதும் "அப்படித்தான் கேள்விப்பட்டேன்" என்பதும் ஒன்றல்ல. ஒரே முகத்துக்கு இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள்.

எழுதத் தயங்குகிறவர்களோடு ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். அந்த வேலைக்குப் பொறுமையான ஆளாகப் பாருங்கள். பெயர் வந்தவுடன் விளக்க அட்டையை மறுநாளே மாற்றி மாட்டுங்கள். போன வாரம் "யார் இவர்?" என்று இருந்த இடத்தில் பெயர் வந்திருப்பதைப் பார்த்தால் அடுத்தவருக்கும் சொல்லத் தோன்றும். இரண்டாவது வாரத்தில்தான் வீட்டிலிருந்து புதுப்படங்கள் எடுத்துவருவார்கள். ஸ்கேனரை அங்கேயே ஒரு மூலையில் தயாராக வைத்திருங்கள்.

முடிந்த பிறகு

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். பெயர்ப் பட்டியலும் ஒலிப்பதிவுகளும் படங்களோடு சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரு தொகுப்பை நூலகத்திலோ காப்பகத்திலோ ஒப்படையுங்கள்.

மூலப்படங்களைச் சொன்ன தேதிக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்கேன் நகல், நல்ல உறை, அந்தப் படத்தைப் பற்றிப் புதிதாகத் தெரியவந்தது எல்லாம் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அவர் சம்மதித்தால் அங்கேயே உட்கார்ந்து, படத்தைத் திருப்பி, கெட்டியான அட்டைமேல் வைத்து, ஓரத்தில் மென்மையான பென்சிலால் அந்தப் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.